இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டுப் பெண் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தாள். "பெரியப்பா, பயோடேட்டா ஒண்ணு அடிச்சு வாங்கியிருக்கறனுங்க. ஒரு வேலைக்கு நூறு பேரு அனுப்புவாங்க. அதுல இது தனியாத் தெரியுமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

அவள் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில், பர்சனல் டிபார்ட்மெண்டில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். சேர்ந்தபோது அதற்கு அந்தப் பெயர். ஓய்வு பெறும்போது ஹெச்.ஆர். ஆகியிருந்தது. பெயர் எதுவானாலும் என் வேலையில் ஒரு பகுதி மாறவே இல்லை. வருகிற விண்ணப்பங்களைப் பிரித்து, கூப்பிடலாம், வேண்டாம் என்று இரண்டு கட்டாக அடுக்குவது.

ஃபைலில் இரண்டு பக்கம் இருந்தது. மேலே நாலு வரி ஆங்கிலத்தில், தான் கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்பவள், குழுவாக வேலை செய்யக் கூடியவள் என்று. அந்த நாலு வரியை என் வாழ்நாளில் சில ஆயிரம் முறையாவது படித்திருப்பேன். அடுத்து, பி.காம். 2021. அதற்குக் கீழே, 2021 முதல் 2023 வரை ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு உதவியாளர். கடைசியில், நம் ஊர் பயோடேட்டா எதிலும் தவறாமல் இருக்கும் உறுதிமொழி: மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை. இடம், தேதி, கையெழுத்து. கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை.

"ஆடிட்டர் ஆபீஸ்ல எப்ப கண்ணு இருந்தே?" என்று கேட்டேன்.

அவள் கீழே பார்த்தாள். "இல்லீங்க பெரியப்பா. பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் சொன்னாரு. ரெண்டு வருசம் சும்மா இருந்தாப்புல தெரிஞ்சா எடுத்த எடுப்புலயே ஒதுக்கிருவாங்களாமா. தெரிஞ்ச ஆடிட்டர்கிட்டச் சொல்லி லெட்டர் வாங்கித் தர்றேன், ரெண்டாயிரம் ஆகும்னாரு. இன்னும் பணம் குடுக்கலீங்க. செய்யலாமுங்களா, வேண்டாமுங்களா?"

அந்த இரண்டு வருடமும் அவள் 'சும்மா இருந்ததை' நான் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்த்திருக்கிறேன். அவள் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். விடியற்காலையில் அம்மாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றுவாள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஒரு பையில் வரிசையாக இருக்கும். சிகிச்சைக்கு முன் எடை, பின் எடை, ரத்த அழுத்தம், நாள் முழுக்க எத்தனை மில்லி தண்ணீர் குடித்தார் என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பாள். அம்மா பார்த்துவந்த மகளிர் குழுக் கணக்கையும் அவளே எடுத்துக்கொண்டாள். பதினான்கு பேரின் சேமிப்பு, வங்கிக் கடன், தவணை, வட்டி. அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது.

வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட என் வாய் வரவில்லை. அந்த பிரவுசிங் சென்டர்காரர் சொன்னது பொய்யில்லை. அதற்கு நானே சாட்சி.

ஒரு விளம்பரம் கொடுத்தால் இரண்டு இடத்துக்கு இருநூறு, இருநூற்றைம்பது விண்ணப்பம் வந்த காலம் உண்டு. பிரிக்க எனக்குக் கிடைப்பது ஒரு மத்தியானம். ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட வராது. அந்த அவசரத்தில் மனிதனைப் பார்க்க முடியாது, அடையாளங்களைத்தான் பார்க்க முடியும். நானாகவே சில விதிகளை வைத்துக்கொண்டேன். அடிக்கடி வேலை மாறியவர் வேண்டாம். தொலைவிலிருந்து வருபவர் வேண்டாம். படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் வேண்டாம். இவற்றை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எழுதியும் வைக்கவில்லை. இடைவெளி என்றால் சோம்பல் அல்லது ஏதோ வில்லங்கம் என்று நானே முடிவு செய்திருந்தேன். எத்தனை அம்மாக்களின் நோய்ப்படுக்கையை இரண்டாவது கட்டில் அடுக்கியிருப்பேன் என்று இப்போது கணக்கெடுக்க முடியாது.

2009-இல் நடந்த ஒன்று இன்னும் மனதில் கிடக்கிறது. மெஷின் ஷாப்பில் சேர்ந்து எட்டு மாதமான ஒரு பையன். தங்கமான வேலைக்காரன் என்று சூப்பர்வைசரே சொல்வார். ஏதோ ஒரு வேலைக்காகப் பழைய பி.எஃப். எண்ணைக் கேட்டோம். அவனிடம் இல்லை. விசாரித்ததில், அவன் கொடுத்திருந்த இரண்டு வருட அனுபவக் கடிதத்தில் இருந்த பட்டறை அந்த முகவரியில் இல்லவே இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "வேலை நெசமாவே பார்த்தனுங்க சார். வேற பட்டறைல. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கட்டாத பட்டறை. லெட்டர் குடுத்தா மாட்டிக்குவேன்னு ஓனர் தரமாட்டேன்னுட்டாரு. அதான் வெளியில வாங்கினேன்" என்றான். விதி தெளிவாக இருந்தது. போலிச் சான்று கொடுத்தவரை வைத்துக்கொள்ள முடியாது. அவனை நீக்கும் கடிதத்தை நான்தான் டைப் செய்யக் கொடுத்தேன். போகும்போது, "உண்மையப் போட்டிருந்தா என்னைய உள்ளயே விட்டிருக்க மாட்டீங்களே சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்க்கிற மாதிரிச் சொன்னான். கணக்கு சரியாகவே இருந்தது.

அவன் காகிதம் பொய், அனுபவம் உண்மை. நான் கையெழுத்துப் போட்ட காகிதம் உண்மை. ஆனால் நான் செய்தது நியாயமா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அரிஸ்டாட்டில் தன் நிகோமாக்கிய அறவியலின் நான்காம் பகுதியில், தன்னைப் பற்றிப் பேசுவதில் உள்ள நேர்மையைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். ஒரு முனையில் தன்னிடம் இல்லாததை இருப்பதாகச் சொல்லும் தற்பெருமைக்காரன். மறுமுனையில் தன்னிடம் இருப்பதை இல்லை என்று சொல்பவன், அல்லது குறைத்துச் சொல்பவன். நடுவில் உள்ளதை உள்ளபடி சொல்பவன். நேர்மையாளன் கொஞ்சம் குறைத்துச் சொல்லும் பக்கமே சாய்வான் என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். ஆனாலும் வேண்டுமென்றே குறைத்துச் சொல்வதையும் அவர் உண்மையிலிருந்து விலகுவதாகவே வைக்கிறார்.

நாம் முதல் முனையை மட்டும்தான் குற்றமாகப் பார்க்கப் பழகியிருக்கிறோம். தன்னைத் தானே புகழ்வது நமக்குக் கூச்சம். 'நாமளே நம்மளப் பத்திச் சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்கும்?' என்று கேட்டு வளர்ந்தவர்கள். குறிப்பாகப் பெண்களை, 'என்ன பண்றீங்க?' என்று யாராவது கேட்டால், ஐந்து பேருக்குச் சமைத்துப்போட்டு, மாமியாருக்கு இன்சுலின் ஊசி போட்டு, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே 'வீட்ல சும்மாதான் இருக்கேன்' என்பார்கள். அடக்கம் என்று நாம் அதைக் கொண்டாடுகிறோம். அது ஒரு பொய்யும்கூட. அந்தப் பொய்யால் யாருக்கு லாபம் என்று பார்த்தால், சொல்பவருக்கு நிச்சயமாக இல்லை.

எதிர்வீட்டுப் பெண்ணின் இரண்டு பக்கத்தில் இந்த இரண்டு முனையும் ஒன்றாக இருந்தன. இல்லாத ஆடிட்டர் அலுவலகம் மிகை. அதற்கு இடம் கொடுக்க வேண்டி, இருந்த இரண்டு வருடம் மொத்தமாகக் காணாமல் போயிருந்தது. அப்போதுதான் அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

"இந்த லெட்டரை வாங்கினா என்ன ஆகும் தெரியுமா கண்ணு? மாட்டிக்குவேங்கிறது ஒரு பக்கம் கெடக்கட்டும். மாட்டாமயே போச்சுன்னு வச்சுக்க. நாளைக்கு ஆபீஸ்ல யாராவது பேச்சுவாக்குல, அந்த ரெண்டு வருசம் எங்க இருந்தீங்கன்னு கேப்பாங்க. ஆடிட்டர் ஆபீஸ்லன்னு சொல்லுவே. அதுக்கப்புறம் உங்க அம்மாவைப் பத்தி அவங்ககிட்ட வாயத் தொறக்க முடியாது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன பொண்ணு அந்த ஆபீஸ்ல இருக்கவே முடியாது."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள். நான் எதிர்பார்க்காத கேள்வி. "அதைய எழுதினா மட்டும் நல்லாவா இருக்கும் பெரியப்பா? அம்மா சீக்கைச் சொல்லி வேலை கேக்கற மாதிரி இருக்காதுங்களா?"

இதுதான் மூன்றாவது கேள்வி. அரிஸ்டாட்டிலின் இரண்டு முனையிலும் இது அடங்காது. உண்மையைச் சொல்லலாம், மிகைப்படுத்தாமலும் சொல்லலாம். அப்படியும் அது கூனிக் கைநீட்டுவதாக ஆகிவிடலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்குப் பிள்ளைகள் தங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். பட்ட துயரத்தை எழுதினால் எடுபடும் என்று நம்பி, பதினேழு வயதில் தங்கள் வீட்டு இழப்புகளைப் பிள்ளைகள் அலசித் தேடுகிறார்கள் என்ற விவாதம் அங்கே உண்டு. தனித்துத் தெரிவதற்காகக் காயத்தைத் திறந்து காட்டும்போது, அந்தக் காயம் நமக்கே ஒரு சரக்காக ஆகிவிடுகிறது. அவள் கூச்சம் அடக்கமல்ல. அது மரியாதை, அம்மாவுக்கும் தனக்கும்.

யோசித்து, "பட்டதை எழுத வேண்டாம். செஞ்சதை எழுது" என்றேன். பட்டது அவளுடையது, அவள் அம்மாவுடையது. அதைக் கேட்க எந்தக் கம்பெனிக்கும் உரிமை கிடையாது. செய்தது வேறு. பதினான்கு பேர் கணக்கை இரண்டு வருடம் ஒரு ரூபாய் பிசகாமல் வைத்திருந்ததும், காப்பீட்டுக் காகிதங்களை ஒவ்வொரு முறையும் சரியாகச் சேர்த்ததும் வேலை. அதற்குச் சம்பளம் இல்லை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது.

லியனார்டோ டா வின்சி 1482-ஐ ஒட்டி, மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு ஒன்று கிடைத்திருக்கிறது. பத்து அம்சங்களாக அடுக்கியிருக்கிறார். தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், கோட்டை முற்றுகைக்கான கருவிகள், பீரங்கிகள், மூடிய வண்டிகள். சிற்பமும் ஓவியமும் கடைசியில்தான் வருகின்றன. போர்க்கருவி செய்த அனுபவம் அப்போது அவருக்குப் பெரிதாகக் கிடையாது என்றே அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் அவரும் அந்த ஆடிட்டர் கடிதத்தைத்தான் வாங்கினாரா? இல்லை என்று நினைக்கிறேன். 'இதைச் செய்ய எனக்குத் தெரியும்' என்றுதான் அவர் எழுதுகிறார். முடிவில், சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டுகிறேன் என்கிறார். 'செய்வேன்' என்பது வாக்குறுதி. அதற்குச் சொன்னவன் பிணை நிற்கிறான், சோதித்துப் பார்க்கவும் இடம் கொடுக்கிறான். 'செய்தேன்' என்பது சாட்சியம். வருங்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் தைரியமாகப் பேச எவருக்கும் உரிமை உண்டு. நடந்து முடிந்ததைத் திருத்தும் உரிமைதான் இல்லை.

ஆனால் இதையெல்லாம் வேலை தேடுகிறவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் ஓர் அநியாயம் இருக்கிறது. பொருளியலாளர் ஃப்ரெட் ஹிர்ஷ் 1976-இல் வெளியான தன் நூலில் ஓர் உவமை சொல்கிறார். கூட்டத்தில் எல்லோரும் நுனிக்காலில் நின்றால் யாருக்கும் கூடுதலாக ஒன்றும் தெரியப்போவதில்லை. இன்றைக்கு விண்ணப்பத்தை ஆள் படிப்பதற்கு முன்னால் பல இடங்களில் மென்பொருள் வடிகட்டுகிறது. அதற்குப் பிடித்த சொற்களை வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைப்பவர்களும் உண்டு. சாட்ஜிபிடியிடம் சொன்னால் அரை நிமிடத்தில் அருமையான கடிதம் வருகிறது. எல்லோருக்கும் வருகிறது. எல்லோரும் நுனிக்காலில் நிற்கிறோம். கால் வலிப்பதுதான் மிச்சம். இருநூறு பேரில் இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள் என்றால், தனித்துத் தெரிவது எப்படி என்று இருநூறு பேருக்கும் சொல்லிக் கொடுத்தாலும் நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

சிலர் என்ன எழுதினாலும் தெரியமாட்டார்கள் என்பதும் உண்டு. 2007-இல் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய இருவரும் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, தகுதி ஒரேமாதிரி இருக்கும் விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர்களோடு ஒப்பிட்டால் தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் போய்விட்டது. ஆனால் நான் பிரித்த விண்ணப்பங்களில் தகப்பனார் பெயர், சொந்த ஊர், மதம் எல்லாம் இருக்கும். அவற்றை ஏன் கேட்கிறோம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வரிகளில் என் கண் எத்தனை நொடி நின்றது என்பதற்கும் கணக்கில்லை.

திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. இரண்டுமே ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றியவை. அவை பேசுவது தேர்ந்தெடுக்கிறவனிடம். குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிகுதி என்று பார்த்து முடிவு செய் என்கிறார் வள்ளுவர். குற்றமே இல்லாத ஆள் கிடைக்கமாட்டான் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் காலத்தில் புத்தகக் கடையிலும் யூடியூபிலும் இருக்கும் அறிவுரை அத்தனையும் தேடி வருகிறவனுக்கு. எப்படி எழுதுவது, எப்படி உட்காருவது, எப்படிச் சிரிப்பது. எப்படிப் படிப்பது என்று, கட்டைப் பிரிக்கும் எனக்கு யாரும் ஒரு வரி சொன்னதில்லை. உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். 'மேற்கண்டதை முழுதாகப் படித்தேன், என் அவசரத்தை இவர் குறையாக எண்ணவில்லை' என்று கீழே நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் அந்த இரண்டாவது கட்டு எவ்வளவு உயரம் இருந்திருக்கும்?

உண்மை ஒரு கையால் எழுதக்கூடியதல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். படிக்கிறவன் எவ்வளவு உண்மையைத் தாங்குவானோ அவ்வளவுதான் எழுதுகிறவனுக்குத் துணிவு வரும். இடைவெளி என்றால் தள்ளிவிடுவேன் என்று நான் விதி வைத்தேன். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கடிதம் விற்கும் கடை அந்த விதியின் நிழலில்தான் திறந்தது. 2009-இல் அந்தப் பையனின் பொய்யில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அவன் தன் பங்குக்கு வேலையைக் கொடுத்தான். நான் என் பங்குக்கு எதுவும் கொடுக்கவில்லை.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனாரின் பாட்டு ஒன்று, 208-ஆவது. அதியமான் நெடுமான் அஞ்சியைத் தேடிப் போகிறார். அவன் நேரில் பார்க்காமலேயே பரிசைக் கொடுத்து அனுப்பிவிடச் சொல்கிறான். புலவர் வாங்க மறுக்கிறார். காணாமல் கொடுத்த பொருளைக் கொண்டுபோக நான் வியாபாரி இல்லை, என் கல்வியின் அளவு அறிந்து கொடுத்தால் தினையளவாக இருந்தாலும் போதும் என்பது அவர் வாதம். வறுமையைப் பல பாட்டில் பாடியவர் அவர். அவருக்குப் பரிசு தேவைதான். அதைவிடத் தன்னை ஒருவன் பார்த்திருக்க வேண்டும் என்பது தேவையாக இருந்தது. 'தனியாத் தெரியுமா?' என்று அந்தப் பெண் கேட்டதும் இதைத்தான் என்று எனக்குத் தோன்றியது. மற்ற நூறு பேரை மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. என்னை ஒருத்தராவது பார்ப்பாங்களா என்று கேட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்தை ஒரு பக்கமாக ஆக்கினோம். மேலே இருந்த கடின உழைப்பாளியும் குழு மனப்பான்மையும் போயின. ஆடிட்டர் போனார். அந்த இடத்தில் மூன்று வரி வந்தது. 2021 முதல் 2023 வரை குடும்பத்தில் ஒருவரின் நீண்ட சிகிச்சையை முழுநேரமும் கவனித்துக்கொண்டேன். காப்பீட்டு ஆவணங்கள் அனைத்தையும் கையாண்டேன். அதே காலத்தில் பதினான்கு உறுப்பினர் கொண்ட மகளிர் குழுவின் கணக்குகளைப் பராமரித்தேன், பதிவேடு பார்வைக்குத் தரப்படும். 'குடும்பத்தில் ஒருவர்' என்று போடச் சொன்னது அவள்தான். "அம்மான்னு போட வேண்டாமுங்க" என்றாள்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு சந்தேகம் கேட்டாள். "நான் அறிந்தவரைன்னு எதுக்குங்க பெரியப்பா போடறாங்க? நம்மளப் பத்தி நமக்குத் தெரியாம என்ன இருக்கப்போவுது?"

காலையில் 'சும்மா இருந்தாப்புல' என்று சொன்னவள் அவள்தான். அதைச் சுட்டிக்காட்டினேன். சிரித்தாள். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்த தமிழ் ஐயா, முடிவில் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று போடாவிட்டால் அரை மதிப்பெண் குறைப்பார். அந்தச் சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், அதன் பொருளை நினைத்ததில்லை. 'உண்மையுள்ள' என்பதற்கு முன்னால் 'தங்கள்' என்று ஒன்று இருக்கிறது. உண்மை யாரோ ஒருவரை நோக்கித்தான் எழுதப்படுகிறது. அந்தப் பக்கம் ஆள் இருக்க வேண்டும்.

மூன்று கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறாள். நான் இதை எழுதும் நாள் வரை எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. உண்மையை எழுதினால் வேலை கிடைக்கும் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லமாட்டேன். நேற்றுச் சாயங்காலம் வாசலில் பார்த்தபோது கேட்டேன், "ஏதாச்சும் வந்துச்சா கண்ணு?" என்று.

"இன்னும் இல்லீங்க பெரியப்பா. நாலாவதா ஒண்ணுக்கு அனுப்பலாம்னு இருக்கறேன். அதே பயோடேட்டாதானுங்க" என்றாள்.